பெரியப்பாவுக்கு ஓர் இளநீர்

நெதர்லாந்துக்கு வந்த மூன்றாம் நாள், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் மரைக்கே என்ற அம்மாள், சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அப்படியே என்னிடம் நீட்டினார். காய்ச்சவில்லை, வடிகட்டவில்லை. நான் அதை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு முகர்ந்தேன். நுனிநாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகுதான் குடித்தேன். மரைக்கேயின் முகம் சுருங்கிவிட்டது. "டம்ளரை நன்றாகத்தான் கழுவினேன்," என்றார். இல்லை, இது எங்கள் வீட்டுப் பழக்கம் என்றேன். "ஓ, தண்ணீரைச் சூரியனுக்குக் காட்டிவிட்டுத்தான் குடிப்பீர்களா? என்ன அழகான வழிபாடு," என்றார். மறுத்துச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. அடுத்த வாரமே தோழிகள் இரண்டு பேரை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் என்னைச் செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினேன்.

அது வழிபாடு இல்லை, வயிற்றெரிச்சல். சூலூருக்குக் கிழக்கே எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்கு மேல்பக்கம் பெரியப்பாவின் சாயப்பட்டறை. பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர் அல்ல. அப்பாவின் பெரியப்பா மகன், எங்களுக்குப் பங்காளி. பட்டறை வந்து சில வருடங்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மங்கலாகி, பிறகு கரிக்கத் தொடங்கியது. மரங்களைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒருநாள் வழக்கமாக இளநீர் வாங்கும் வியாபாரி ஏற்றிப்போன லோடைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். "ஏனுங்க, எளநி கரிக்குதுங்க. குடிச்சவங்க என்னையத் திட்டறாங்க," என்றார் மெதுவாக. அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, காப்பி கொடுத்து அனுப்பினார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனேன். தடுக்க ஓடிவந்த அப்பா, என் பின்னாலேயே நின்றுவிட்டார். பெரியப்பா நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். பாட்டிலை வாங்கிப் பார்த்தார். வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு அதை ஊற்றினார். "தண்ணியப் பத்திப் பேசறதுக்குன்னு தனியாப் படிப்பு இருக்குதாம் அம்மணி. அதையப் படிச்சுப்போட்டு வா, பேசலாம்," என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவைக்கூட அன்றைக்கே மறந்திருப்பேன், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

சொன்னால் சொன்னபடி படித்தேன். கோயம்புத்தூரில் கணபதிப் பகுதியில் ஓர் அறையில் தங்கி, வேதியியல் பட்டம் வாங்கினேன். பிறகு உதவித்தொகை வாங்கி, சுற்றுச்சூழலும் வளங்குன்றா வளர்ச்சியும் என்ற முதுகலைப் படிப்புக்கு இங்கே வந்தேன். முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் காடு பிடிக்குமாம். ஒருவனுக்குப் பனிக்கரடிமேல் பாசம். என் முறை வந்தபோது, "ஒருவரைப் பழிவாங்க," என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் என் நகைச்சுவையைப் பாராட்டினார். நான் பூமியைக் காப்பாற்ற வந்தவள் இல்லை. நிலத்தடி நீர் எப்படி நகரும், உப்பு எந்தப் பக்கம் போகும், எந்த மாதிரியை எங்கே எடுத்தால் யாரும் தப்பிக்க முடியாது என்பதையெல்லாம் கத்தி தீட்டுவதைப் போல உட்கார்ந்து படித்தேன்.

இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்தது, முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம். நான் எழுதிய முதல் கட்டுரையை, "இது மோசமாக இருக்கிறது," என்று சொல்லிவிட்டு ஆசிரியர் சாதாரணமாகத் தேநீர் குடித்தார். எங்கள் கொங்கு நாட்டில் வீட்டுக்குத் தீ வைத்தவன் வந்தாலும், "வாங்க, சாப்பிட்டுப்போட்டுப் போலாங்க," என்போம். அந்த மரியாதைமீதுதான் எனக்கு ஆத்திரம். கிணறு செத்த பிறகும் அப்பா பெரியப்பாவை அண்ணா என்றுதான் கூப்பிட்டார். நான் அப்படி ஆக மாட்டேன் என்று இங்கே வந்து முடிவெடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஐரோப்பியக் கடைகளுக்குத் துணி தயாரித்துத் தரும் ஆலைகள், தண்ணீரைக் கெடுக்காமல் தொழில் செய்கின்றனவா என்று காகிதங்களைச் சரிபார்த்துச் சான்று தரும் இடம் அது. நான்காம் வாரம் பெரியப்பாவின் கோப்பு என் மேசைக்கு வந்தது. பசித்தவளைப் போல வேகமாகப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு கடிதம். பட்டறையின் சுத்திகரித்த நீரைத் தன் தோப்புக்குப் பாய்ச்சுவதாகவும், மரங்கள் செழிப்பாக இருப்பதாகவும் பக்கத்து விவசாயி ஒருவர் சொல்வதாக ஆங்கிலத்தில் இருந்தது. கீழே தமிழில் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிட்டு ஒரு புள்ளி வைக்கும் அந்தக் கையெழுத்தை என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளிலெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை அப்பாவை அழைத்தேன்.

"ஆமாங் கண்ணு, நாந்தான் போட்டேன்," என்றார். "உன்ற அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம். பந்தக்கால் நடப் பங்காளி வரோணுமில்ல? கையெழுத்துப் போட்டாத்தான் வருவேன்னு சொல்லியுட்டாரு."

"படிச்சுப் பாத்தீங்களாப்பா?"

"இங்கிலீசுல இருந்துது. படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன். பங்காளி இல்லாம பந்தல்ல சம்பந்தி முன்னால எப்படி நிக்கறது?"

அக்காவின் கல்யாணத்தைப் பரீட்சை காரணமாக நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். பெரியப்பா பந்தக்கால் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நிமிர்ந்து நின்றிருந்தார். அப்பா அவருக்குத் துண்டு போர்த்தினார். அந்தத் துண்டின் விலை எங்கள் கிணறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான் வாயை மூடிக்கொண்டு கோப்பைப் பார்த்திருந்தால், நினைத்ததை எழுதிப் பெரியப்பாவைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் உறவு தெரிந்துவிட்டால் நான் எழுதியது எல்லாம் குப்பைக்குப் போகும், அவர் சிரித்துக்கொண்டே தப்பிப்பார். அதனால் மேலாளர் யோஸ்டிடம் போய், இந்த விவசாயி என் அப்பா, இந்தக் கடிதம் பொய் என்றேன். எவ்வளவு வாங்கினார் என்று கேட்டார் யோஸ்ட். பணமில்லை, ஆலைக்காரர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார் என்றேன். "வந்ததற்கா? அவ்வளவு பகையாளியை ஏன் அழைத்தீர்கள்? அழைக்காமல் இருந்திருக்கலாமே," என்றார் குழப்பத்தோடு. எனக்குப் பதில் இருந்தது, அவருடைய மொழியில்தான் இல்லை. கோப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பெங்களூரிலிருந்து ஓர் ஆய்வாளரை நேரில் அனுப்புவதாகச் சொன்னார். விவசாயி வாயால் சொல்வதைப் பொறுத்துத்தான் முடிவு.

அப்பாவை மறுபடியும் அழைத்தேன். வருகிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அது போதும் என்றேன்.

"அண்ணனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிக் கண்ணு சொல்றது?"

"அப்போ சிரிச்சீங்களே, அது மாதிரி இப்பவும் சிரிங்க," என்று சொல்லித் துண்டித்துவிட்டேன். பெற்றவரிடம் அப்படிப் பேசியதற்கு வருத்தப்பட வேண்டும். அன்றைக்குப் படவில்லை.

நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அவள் அன்று வீட்டில் இருந்தாள். ஆய்வாளர் பெரியப்பாவின் காரிலேயே வந்திறங்கினார். தோப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அப்பா, "இருக்குதுங்க," என்றார். தண்ணீர்? "வருதுங்க." பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. சரி, புறப்படலாம் என்று எழுந்தார்கள். "வந்தவங்க வெறும் வாயோட போகக்கூடாதுங்க," என்று அப்பா தோப்புக்குள் போய் ஒரு குலையை இறக்கி, இரண்டு காய்களைச் சீவி, ஒன்றை ஆய்வாளரிடமும் ஒன்றைப் பெரியப்பாவிடமும் இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஆய்வாளர் ஒரு வாய் குடித்து நிறுத்திவிட்டார். பெரியப்பாவால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மரங்கள் செழிப்பாக இருப்பதாக எழுதிக் கொடுத்த காகிதம் பொய்யாகும். பங்காளி வீட்டில் கொடுத்ததை மிச்சம் வைத்தால் அதுவும் மரியாதை இல்லை. அப்பா அரிவாளோடு பக்கத்திலேயே நின்றார். "குடிங்கண்ணா. நம்ம தோப்புக் காய்தானுங்க. மீதி வெக்காதீங்க." பெரியப்பா கண்ணில் நீர் முட்ட முழுவதையும் குடித்தார். குடித்து முடித்ததும் அப்பா, "இன்னொண்ணு சீவட்டுங்களா?" என்றாராம். ஆய்வாளர் தன் காயில் மிச்சமிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, கிணற்றைக் காட்டச் சொன்னார்.

நான் மரைக்கேயின் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். சத்தமாகச் சிரித்தேன். இத்தனை வருடம் படித்தும் என்னால் செய்ய முடியாததை, குரலை உயர்த்தாமல் ஒரு மனிதர் செய்துவிட்டார்.

சான்று கிடைக்கவில்லை. ஆர்டர் நின்றது, பட்டறை மூடிக் கிடக்கிறது. பங்காளிகள் யாரும் இப்போது எங்கள் வீட்டுப்படி ஏறுவதில்லை; அக்கா குழந்தையின் காதுகுத்துக்கு முன்வரிசை காலியாக இருந்ததாம். கிணறு இன்னும் கரிக்கிறது. அது மாற எத்தனை காலமாகும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும், போட்டுப் பார்க்கவில்லை.

படிப்பு முடிந்து போன மாதம் ஊருக்குப் போனேன். பழி தீர்ந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் தோப்பில் வைத்து அப்பாவிடம் சொன்னேன்: அந்த அலுவலகமே வேலை கொடுத்திருக்கிறது, அங்கேயே இருந்துவிடப் போகிறேன்.

"ஆகட்டும் கண்ணு," என்றார். பிறகு போய் ஒரு காயைச் சீவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

இளநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க முடியாது. ஒரு வாய் குடித்தேன். நெதர்லாந்துக் குழாய்த் தண்ணீருக்குப் பழகிய நாக்கு, இரண்டாவது வாய்க்கு மறுத்தது. அப்பா அரிவாளோடு பக்கத்திலேயே நின்றார்.

"மீதி வெக்காத கண்ணு."

கடைசிச் சொட்டு வரை குடித்தேன். காலிக் காயை என் கையிலிருந்து வாங்கி, அன்று பெரியப்பா குடித்த காயைப் போட்ட குவியலிலேயே வீசிவிட்டு, அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார்.