பூனை விரதம் இருந்த கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். வயதான பூனை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் துணிந்தேன். அதோடு, இதை நினைத்தால் எனக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

கார்த்திகை பிறந்ததும் என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டார். மாலை போட்டவரை நான் உட்பட எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் மீன், கருவாடு கூடாது. எங்கள் பதின்மூன்று வயதுப் பூனை தயிர்ச்சோற்றைத் தொடவில்லை. மனசு கேட்காமல் பக்கத்து வீட்டு அக்கா வெளிப்படியில் ஒரு மீன் தலை வைத்தார். பூனை ஓடிப்போய் மோந்தது, ஒரு கவ்வு கவ்வியது, போட்டுவிட்டு வந்து ஐயப்பன் படத்தடியில் படுத்துக்கொண்டது.

"பாருங்களேன், இதுவும் மாலை போட்டிருச்சு" என்றார் அக்கா.

அவ்வளவுதான். சாயந்திரம் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் எங்கள் வாசலில். யாரோ அதன் நெற்றியில் விபூதி பூசினார்கள். "சின்னச்சாமி, எங்க மகளுக்கு நல்ல வரன் அமையணும்" என்று ஒருவர் கும்பிட்டார். நானும் பெருமையாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பூனையைத் தூக்கினேன். வெறும் கொழுந்துக் கூடை மாதிரி கனமே இல்லை. வாயில் ஒரு பக்கம் எச்சில் வழிந்தது.

"சாமி, இது விரதம் இல்ல. செத்துப் போயிரும் போல இருக்குங்க."

கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக அவர் பூனையைக் கூடையில் வைத்து என்னோடு ஹட்டன் பஸ் ஏறினார். கூடைக்குள் எட்டிப் பார்த்த கண்டக்டர், "ரெண்டு சாமியா?" என்றார்.

மிருக வைத்தியர் சிங்களவர், தமிழ் தெரியும். வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் அழுகியிருந்தது.

"பசி இருக்கு. ஆசையா போகும், கடிச்சா வலிக்கும், விட்டுரும். வயசான பூனை ஒரு நாள் முழுக்க சாப்பிடாட்டியே கொண்டு வரணும். நெத்தியில என்னது இது?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பல்லைப் பிடுங்கி, மருந்து கொடுத்து, மயக்கம் தெளிந்ததும் மீனை முள் எடுத்து மசித்து, இளஞ்சூடாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். வயதானால் மோப்பம் மங்குமாம். சூட்டில்தான் வாசம் எழும்புமாம். அப்படியும் தின்னாவிட்டால் உடனே திரும்பக் கொண்டு வரவேண்டும் என்றார்.

எங்கள் வீட்டில் மீன் ஏது? அக்கா தன் அடுப்பில் அவித்துத் தந்தார். அவர் வாசலில் தட்டோடு உட்கார்ந்தேன். பூனை மோந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. எங்கள் வாசலிலிருந்து வீட்டுக்காரர் கழுத்தை நீட்டினார்.

"தின்னுதா?"

"சாமி, நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க. மீன் வாசம் அடிக்குது" என்றார் அக்கா.

பூனை திரும்ப வந்து ஒரு நக்கு நக்கியது. இன்னொன்று. பிறகு தட்டையே தள்ளிக்கொண்டு போய்த் தின்றது. யாரிடமும் உரக்கப் பேசாத நான், லயத்துக் கடைசி வீடுவரை கேட்க, "சாப்பிடுது" என்று கத்தினேன். அக்கா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வரன் கேட்டவர் மட்டும் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

மறுநாள் மழை. வேலைக்குப் போனேன். பூனை மூன்று தடவை மீன் தின்றது.