மாமாவின் மடக்குக் கத்தி

அந்தக் கத்தி முதன்முதலில் என் கைக்கு வந்தபோது திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வாங்கி வந்த மடக்குக் கத்தி. பழுப்பேறிய வெள்ளைக் கைப்பிடி, விரல் நீள அலகு, முதுகில் ஓர் இரும்புப் பட்டை. அலகு முழுதாக விரிந்ததும் பட்டையின் முனையிலிருக்கும் பல், அலகின் அடியில் உள்ள வெட்டில் ‘டக்’கென்று போய் உட்காரும். பட்டையின் பின்பக்கத்தை அழுத்தினால்தான் கத்தி மறுபடி மடங்கும். பேக் லாக் கத்தி என்போம். குறை சொல்ல முடியாத சாமான்தான். ஆனால் ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையின் நகத்தை விட்டு நெம்பினால்தான் திறக்கும். மாமாவுக்கோ ஒரு கைதான் இருந்தது.

நாங்கள் இருவருமே திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கி வளர்ந்தவர்கள். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் எழும்பத் தொடங்கியபோது ஒன்றாகத்தான் ரயிலேறிப் போனோம். ஒரே ஆலை. எனக்கு டூல் ரூமில் ஃபிட்டர் வேலை, அவருக்குத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில். முதல் நாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றபோது மாமா சொன்னார்: “இனிமே எவன் வயல்லயும் குனிய மாட்டேன் மச்சான்.” சொல்லும்போது சிரிக்கக்கூட இல்லை. இரண்டாம் வருஷம் அந்தப் பிரஸ் அவருடைய இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. காயம் ஆறி வந்ததும் மேனேஜர் அவரை பேக்கிங் பிரிவுக்கு அனுப்பினார். மூன்று மாதம் பார்ப்போம், சமாளித்தால் வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்கு என்று பேச்சு.

பேக்கிங்கில் நாள் முழுக்க வெட்டுகிற வேலைதான். சணல் கயிறு, கோணி, மெழுகுத்தாள். பெட்டிகளின் மேலும் லாரிகளின் மேலும் ஏறி இறங்குகிற இடம் என்பதால் திறந்த கத்தியோடு யாரும் நடமாடக் கூடாது. மடக்குக் கத்திதான், வெட்டியதும் மடக்கிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். ஒருவன் தொடையில் குத்திக்கொண்ட பிறகு வந்த சட்டம் அது. மாமா ஒவ்வொரு முறையும் கத்தியைப் பல்லால் கடித்துத் திறந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்த அன்று சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். “இன்னாய்யா இது பேஜாரு, இத்தெல்லாம் ஒத்து வராது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாராம். மாமா கத்தியை என் மேஜை மேல் வைத்தார். “ஒரு கையால தொறக்குற மாதிரி பண்ணிக் குடு மச்சான். மத்தத நான் பாத்துக்கறேன்.”

பண்ணினேன். என் திமிர் முழுவதையும் அதில் காட்டினேன். அலகின் முதுகில் சின்னதாக ஒரு பித்தளைக் குமிழைத் திருகி மாட்டினேன், பெருவிரலால் தள்ளுவதற்கு. அலகு சுழலும் ஆணியைப் பாலிஷ் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதே கத்தி ஒரு கையால் திறக்கத்தான் செய்தது, கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. வழுக்கிக்கொண்டு திறக்க வேண்டும், பார்க்கிறவன் வாய் பிளக்க வேண்டும். பட்டையை அமுக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து எமரித் தாளில் தேய்த்து மெலிதாக்கினேன். மாட்டிப் பார்த்தேன். திரும்ப எடுத்துத் தேய்த்தேன். கடைசியில் பெருவிரல் பட்டதும் தண்ணீராகத் திறந்தது. டீ நேரத்தில் கத்தி டூல் ரூம் முழுக்க ஒரு சுற்று வந்தது. ஆளாளுக்குத் தட்டித் தட்டித் திறந்தார்கள். “யப்பா, வெண்ண மாரி போவுதுடா!” என்றார்கள். பத்து ஃபிட்டர்கள் இருந்தோம். ஒரு மயிரிழைக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள். திறப்பதைத்தான் எல்லாரும் பார்த்தோம். விரிந்த அலகை முதுகுப் பக்கம் ஒரு தடவை அழுத்தி, பூட்டு நிற்கிறதா என்று பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்குமா தோன்றக் கூடாது?

மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கேன்டீனில் நாஷ்டா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாருக்கும் திறந்து காட்டினார். மூன்று வாரம் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்தார். சூப்பர்வைசரே தலையாட்டிவிட்டுப் போனாராம். பிறகு ஒரு மத்தியானம், சணல் தூசு போய், பல் உட்காரும் அந்த வெட்டுக்குள் அடைந்திருக்கிறது. தேய்ந்துபோன ஸ்பிரிங்குக்குப் பல்லை அழுத்தி உட்கார வைக்கத் தெம்பில்லை. கோணியிலிருந்து கத்தியை உருவும்போது அலகு மடங்கி, இருந்த ஒரே கையின் ஆள்காட்டி விரலில் எலும்பு வரை இறங்கிவிட்டது. நரம்பு அறுந்து, அந்த விரல் அப்புறம் மடங்கவே இல்லை. கட்டுப் பிரிக்கும்வரை அக்காதான் சோறு பிசைந்து ஊட்டினாள். என்ன ஆயிற்று என்று கேட்ட சூப்பர்வைசரிடம் மாமா, “கை வழுக்கிச்சு சார்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் நடக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். இதற்குப் பிறகு நான் செய்ததற்குத்தான் சமாதானமே கிடையாது. மேனேஜர் நல்ல மனுஷர், இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். பெருவிரல் நன்றாகத்தான் இருந்தது, குமிழைத் தள்ள அது போதும். மாமா கத்தியை எடுத்துக்கொண்டு டூல் ரூம் ஜன்னலுக்கு வந்தார். “மச்சான், இந்த தபா கொஞ்சம் டைட்டாவே இருக்கட்டும். நான் அமுக்கித் தொறந்துக்கறேன்.” அந்த ‘டைட்டா’ என்ற சொல் என்னைச் செவிட்டில் அறைந்தது. தப்பு என்னுடையது என்று தெரிந்துகொண்டுதான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். புது ஸ்பிரிங் ஒன்று வெட்டிப் போட அரை நாள் ஆகாது. “நாளைக்கு மாமா” என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கத்தியைக் கையில் எடுப்பேன், பிரிக்காமலே கீழே வைத்துவிடுவேன். இன்னொரு தடவை ஏதாவது ஆகிவிட்டால்? பக்கத்து மேஜைக்காரர் தானே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். “என் மச்சான் இருக்கசொல்ல வேற ஆளுகிட்ட இன்னாத்துக்குப் போவணும்?” என்று மாமா மறுத்துவிட்டாராம். இது காதுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் முகத்தில் விழிக்காமலிருக்க ஷிப்ட்டை மாற்றிக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

கத்தி சரியாகாமலே தவணை முடிந்தது, வேலையும் போனது. மாமா திருவாலங்காட்டுக்கே திரும்பிப் போனார், நாங்கள் விட்டுவிட்டு வந்த அதே வயலுக்குக் காவல் ஆளாக. ஒரு கையால் பிடித்த மண்வெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பில் குனிந்து மடை திருப்பிக்கொண்டிருந்தவரை ஒரு தடவை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை. பண்டிகைகளுக்குப் போனால் வாசலோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர் எப்போதும்போல “வா மச்சான், நாஷ்டா பண்ணியா?” என்பார். கத்திப் பேச்சு எங்களுக்குள் திரும்ப வரவே இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஒரு கையால் திறக்கிற கத்திகள் திருவள்ளூர் பஜாரிலேயே தொங்குகின்றன. கடைக்காரர் பெருவிரலால் தள்ளிக் காட்டிப் பெருமைப்படுகிறார். நான் அதைக் கையில் வாங்கி, விரிந்த அலகின் முதுகை என் பலம் கொண்ட மட்டும் அழுத்துகிறேன். “இன்னா பெரியவரே, ஒடச்சிடப் போறீங்க” என்கிறார். போன மாதம் அப்படி ஒரு கடையிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய், இத்தனை வருஷம் கழித்து வாய் திறந்தேன். அந்த ஸ்பிரிங்கைத் தேய்த்துக் கெடுத்தது நான்தான் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா முறத்திலிருந்து நிமிரவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அது அவருக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரிலயே சொன்னாரு. மச்சான் ஜாஸ்தி தேச்சிட்டான், பாவம், பயந்துக்கினு இருப்பான், அடுத்த தபா கரெக்ட்டா பண்ணிடுவான்னாரு. நீதான் பண்ணிக் குடுக்கவே இல்ல.”