மூன்றாவது சரணம்

லீட்டா ஸ்டாம்பர் என்றால் கென்டக்கிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவள் இருந்த புளூகிராஸ் என்ற மலைநாட்டு இசைக் குழுவைத்தான் எல்லோருக்கும் தெரியும். குழுவின் பெயர் 'பாசியின் வேகம்'. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், பாஞ்சோ வாசிக்கும் பிராண்ட்லி கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். அவனுக்கும் தெரியாது.

பிராண்ட்லி, மேண்டலின் வாசிக்கும் ஜாரெட், கிடாருக்கு ஓர் ஒல்லிப் பையன், ஆள் உயரம் நிற்கும் தந்திக் கருவியான பேஸுக்கு லீட்டா. நால்வரும் ட்ரேஸ் ஃபோர்க் பள்ளத்தாக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். சனிக்கிழமைதோறும் ஒவ்வோர் இசைப் போட்டிக்கும் இவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு அலைந்தவள் லீட்டாவின் அம்மா இர்மா. முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு. இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வருவாள். ஜாரெட் எப்போதும் இரண்டு தின்பான்.

பிறகு குழு முன்னேறியது. அதாவது, மூன்று நிமிடப் பாட்டைப் பதினான்கு நிமிடமாக்கக் கற்றுக்கொண்டது. தாளத்தில் நாலு எண்ண வேண்டிய இடத்தில் ஏழு எண்ணியது. கல்லூரி நகரங்களில் பிள்ளைகள் கண் சொருகி ஆடினார்கள். 'மலையின் எதிர்காலம்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. மலையை யாரும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் மகனான பிராண்ட்லி, பேட்டிகளில் தன் தாத்தாவைச் சுரங்கத்துக்குள் இறக்கினான். அந்த மனிதர் நாற்பது வருடம் செருப்புக் கடை வைத்திருந்தவர்.

அந்தப் பதினான்கு நிமிடமும் லீட்டா அடியில் நின்று தாளம் பிடித்தாள்.

"உன் வேலை சுலபம்டி" என்பான் ஜாரெட். "நாங்க பறப்போம். நீ தரையில நின்னா போதும்."

"கீழ விழுந்தா பொறுக்கிப் போடவும் நான்தானேடா."

அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நாலு வருடம் அப்படியே போனது.

பிப்ரவரியில் இர்மாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஏப்ரலில் அவள் படுக்கையில் இருந்தபடி மகளிடம் கேட்டது ஒன்றுதான்.

"பசங்களே வாசிக்கட்டும். எனக்கு அதுங்கள பிடிக்கும். ஆனா மூணு சரணம், அவ்வளவுதான். என் சாவுல எவனும் வித்தை காட்டக் கூடாது."

அவள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ட்ரேஸ் ஃபோர்க்கில் சாவுப் பாட்டுக்கு யாரும் தனியாக வாசிப்பதில்லை. கருவிகள் குரலுக்குப் பின்னால் நடந்து வரும், பாட்டு முடிந்ததும் நின்றுவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அடக்கத்தன்று காலையில் சர்ச் வாசலில் லீட்டா மூவரையும் நிறுத்தினாள்.

"மூணு சரணம். தனி கிடையாது. சத்தியமா?"

"ஏய், இர்மா அத்தைடி. எங்களுக்குத் தெரியாதா?" என்றான் பிராண்ட்லி. அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு உள்ளே போய், பியானோ மேல் செல்போனை நிறுத்தி, படம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. சர்ச்சில் நூறு பேர் இருந்தார்கள், நூறு பேரும் பாடினார்கள். மூன்றாவதற்கு எல்லோரும் மூச்சை இழுத்த நேரத்தில் ஜாரெட் மேண்டலினைத் தூக்கிப் பிடித்து முன்னால் வந்தான்.

மெல்லத்தான் தொடங்கினான். பிறகு விரல் சூடு பிடித்தது. பிராண்ட்லி பாஞ்சோவால் பதில் சொன்னான். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், கல்லூரி நகரங்களில் செய்வது மாதிரியே. தாளம் ஏழுக்கு மாறியது. வாய் திறந்த நூறு பேரும் திறந்தபடி இருந்தார்கள். முன்வரிசையில் இர்மாவோடு துணி வெளுத்த கிழவி ஒருத்தி, பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

லீட்டா குனிந்து தன் கையைப் பார்த்தாள். அதுவும் ஏழு எண்ணிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டிக்குள் கிடக்கிறாள், மகளின் விரல் அவர்கள் பின்னாலேயே ஓடுகிறது, கூப்பிட்ட நாய் மாதிரி. அவர்கள் மேல் வந்த அருவருப்பைவிட அந்த விரல்கள் மேல் வந்தது பெரிதாக இருந்தது.

உள்ளங்கையை விரித்துத் தந்திகள் மேல் அழுத்தினாள்.

பேஸ் நின்றது. ஜாரெட் இன்னும் பத்து சுரம் ஓடினான். பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பிராண்ட்லியைப் பார்த்தான். பிராண்ட்லி கிடார்க்காரனைப் பார்த்தான். ஏழு, ஆறாகி, ஒன்றுமில்லாமல் ஆனது. பறக்கிறவர்களுக்குத் தரை எங்கே என்று தெரியவில்லை.

அந்தச் சத்தமின்மையில் கிழவி மூன்றாவது சரணத்தை எடுத்தாள். கருவி எதுவும் இல்லாமல் எல்லோரும் பாடி முடித்தார்கள்.

மண் போட்ட பிறகு வேன் பக்கம் பிராண்ட்லி வந்தான். அன்று இரவு ஆஷ்வில்லில் நிகழ்ச்சி.

"உன் துக்கம் புரியுது. ஆனா நடுவுல நிறுத்தலாமா? அந்த வாசிப்பு அவங்களுக்கு நாங்க குடுத்த மரியாதைடி."

"அம்மா கேட்டது மூணு சரணம்டா."

"சரி, வண்டியில ஏறு. போற வழியில பேசலாம்."

"என் பேஸ இறக்கிட்டேன். நடு சீட்டு காலியாத்தான் இருக்கு. காலை நீட்டிக்கிட்டுப் போங்க."

போனார்கள். இப்போது ஒரு டிரம்ஸ்காரனை வைத்திருக்கிறார்கள், இன்னும் பெரிய மேடைகள். புதிய ஆல்பத்தில் 'இர்மா அத்தைக்கு' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அந்தச் செல்போனில் பிடித்ததுதான். லீட்டாவின் கை தந்தியில் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டியிருக்கிறார்கள்.

லீட்டா இப்போது பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறாள். பள்ளத்தாக்கில் யாராவது இறந்தால் பேஸைத் தூக்கிக்கொண்டு போகிறாள். வீட்டுக்காரர்களிடம் எத்தனை சரணம் என்று கேட்டுக்கொண்டு, அத்தனைதான் வாசிக்கிறாள்.