மூத்தவனுக்குக் கிழக்கு

ரோமாபுரி எதனால் விழுந்தது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். மூத்தவனுக்குக் கிழக்கைக் கொடுத்தார்கள், இளையவனுக்கு மேற்கைக் கொடுத்தார்கள், அப்புறம் எப்படி விளங்கும்? எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. என் அம்மா கண்டுபிடித்தது. இதை என் மனைவி பல்கலைக்கழகத் தேர்விலும் எழுதிவிட்டு வந்தாள். பாஸானாளா என்று கேட்பீர்கள். பாஸானாள். திருத்தியவரும் அண்ணன் தம்பியோடு பிறந்தவராக இருந்திருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. செக்கானூரணி, கருமாத்தூர் என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி என் தொண்டை வெண்கலமாகிவிட்டிருந்தது. வீட்டில் உப்பு கேட்டால்கூட தெருமுனை வரை கேட்கும்.

என் மனைவி பன்னிரண்டாவது முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டவள். மூன்று வருடம் கழித்து, நானே பணம் கட்டுகிறேன் பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு, அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. ரோமப் பேரரசும் பைசாந்தியப் பேரரசும் வருகிற தாள் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. புத்தகத்தை விரித்தால் அவளுக்குத் தூக்கம் வரும். காதால் கேட்டால் மறக்கமாட்டாள், அதுவும் கை ஒரு வேலையில் இருக்கவேண்டும். ஆகவே அவள் காலையில் சட்னிக்கு அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் நான் உட்கார்ந்து பாடம் வாசிப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவள்தான்.

நான் உட்கார்ந்து வாசித்தது ஒரு மரத்தூணின் மேல். அந்தத் தூண் ஏன் நிற்காமல் படுத்துக் கிடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வைகைக்கு வடகரையில் அப்பா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. அப்பா போனபின் நானும் அண்ணனும் ஒன்றாகத்தான் இருந்தோம். அண்ணன் தெருவைப் பார்த்த அறையில் மாவு மில் வைத்திருந்தார். ராத்திரி டிரிப் முடித்துவிட்டு விடிந்து வந்து படுத்தால் மில் ஓட ஆரம்பிக்கும். தலைமாட்டில் இரயில் போகிற மாதிரி இருக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அதிரசத்துக்கும் முறுக்குக்கும் மாவு அரைக்கப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, எனக்கு என்ன கோபம் வந்ததோ, எழுந்து போய் மெயினில் பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் அண்ணன் கையை நீட்டி, கொடுடா என்று கேட்டார். கொடுத்திருக்கலாம். என் பங்கைப் பிரித்துக் கொடு, இதைத் தருகிறேன் என்றேன். அப்படி ஒரு வாய் எனக்கு.

அண்ணன் கார்த்திகை பிறந்ததும் சொந்தத்தில் இரண்டு பெரியவர்களையும் ஒரு கொத்தனாரையும் கூட்டி வந்துவிட்டார். எங்கள் பக்கத்து முறைப்படி மூத்தவருக்கு மேற்கு, இளையவனுக்குக் கிழக்கு. நடுக்கூடத்தில் கயிறு பிடித்தார்கள். கயிறு நேராகப் போய் நடுத்தூணில் முட்டியது. தூண் யார் பங்கு? எனக்குத்தான் என்றேன் நான். உனக்கென்றால் சுவரை எங்கே கட்டுவது என்றார் அண்ணன். கடைசியில் யாருக்கும் நிற்க வேண்டாம், பிடுங்கிவிடுங்கள் என்று இரண்டு பேருமே சொன்னோம். சுவர்தான் வருகிறதே, அது தாங்கிக்கொள்ளும் என்று நினைப்பு. சுவர் ஓடு வரை போகவில்லை. செங்கல் தீர்ந்துபோய் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. யார் வாங்கிப் போடுவது என்று அதிலும் வீம்பு. தூண் என் பங்கில் வந்து சேர்ந்தது. அதற்குப் பதிலாக அண்ணன் ஆட்டுரலை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணனும் நானும் பேசவில்லை. அம்மா மட்டும் ஒரு மாதம் கிழக்கே, ஒரு மாதம் மேற்கே என்று முறை வைத்துச் சாப்பிட்டாள். முதல் தேதி தன் தலையணையையும் வெற்றிலைப் பையையும் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடப்பாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவைதான், கண்ணை மூடுறதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒரே இலைப் பந்தியில பாத்துட்டாப் போதும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆவணியில் வாசிப்பைத் தொடங்கினோம். அது அம்மா எங்களிடம் இருந்த மாதம். அரசர்கள் பெயர் எதுவும் என் வாயில் நுழையவில்லை. பெயர்கள் என் மனைவிக்கு, கதை எனக்கும் அம்மாவுக்கும் என்று பிரித்துக்கொண்டோம். அம்மாவுக்கு ரோமாபுரியை முதலில் பிடித்துப்போனது அவர்கள் வீட்டுக்கு வீடு அடுப்பங்கரைச் சாமி வைத்துக் கும்பிட்டார்கள் என்பதால். சோறு வடித்ததும் முதல் கவளம் அதற்குத்தானாம். நம்மைப்போலத்தான் இருந்திருக்கிறார்கள் என்று நிம்மதியானாள். ஆனால் ஒரே நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள், ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம் என்று வாசித்தபோது முகம் சுருங்கிவிட்டது. அது எப்படிச் சரிப்படும் என்று கேட்டாள். வருடா வருடம் மாற்றிவிடுவார்கள் அத்தை என்று என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். அப்படி என்றால் பரவாயில்லை என்றாள் அம்மா.

புரட்டாசியில் அம்மா மேற்கே போய்விட்டாள். வாசிப்பு போய்விடுமே என்று அவளுக்குக் கவலை. எனக்குக் கவலையே இல்லை, என் தொண்டைக்கு ஒரு முழ இடைவெளி தாராளம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வரும், இந்தப் பக்கமிருந்து பதில் போகும். சிலுவைச் சின்னத்தோடு சண்டைக்குப் போய் ஜெயித்த ராஜா, கிறிஸ்தவர்களுக்கு அவ்வளவும் செய்துவிட்டு, தான் மட்டும் சாகக் கிடக்கும்போதுதான் ஞானஸ்நானம் வாங்கினார் என்று வாசித்தேன். விவரமான ஆள்தான் என்று சுவருக்கு அப்பால் சிரிப்புக் கேட்டது. ஒன்று மட்டும் விசித்திரம். நான் தூணில் உட்கார்ந்து தொண்டையைச் செருமியதும் அண்ணனுடைய மில் நின்றுவிடும். கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

அந்த மாதம்தான் பேரரசு இரண்டாகப் பிரிந்தது. ஒரு ராஜா சாகும்போது மூத்த மகனுக்குக் கிழக்கையும் இளையவனுக்கு மேற்கையும் விட்டுப் போனார், இளையவன் பத்து வயதுப் பிள்ளை. நான் வாசித்து முடிக்கவில்லை, சுவருக்கு மேலாக அம்மாவின் குரல் வந்தது.

"மூத்தவனுக்குக் கெழக்கா? ஏண்டா, சொல்லிக் குடுக்க அந்தூர்ல பெரியாளு ஒருத்தன்கூடவா இல்ல? இது விளங்காதுடா."

என் மனைவி அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அந்தப் பாடம் அவளுக்கு நெஞ்சில் பதிந்தது, பரீட்சைத் தாளிலும் இறங்கியது.

ஐப்பசி முதல் தேதி அம்மா தலையணையோடு திரும்பி வந்தாள். மழையும் வந்தது. ஒரு காலையில் மேற்கு விழுந்த கதையை வாசித்தேன். வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ரோமாபுரியையே சூறையாடினார்கள், கடைசியில் ஒரு சின்னப் பையனைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டு முடித்துவிட்டார்கள். கிழக்கு மட்டும் அதற்கப்புறமும் ஆயிரம் வருடம் நின்றது. ஆயிரம் வருடமா என்று அம்மா வியப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டில் தோசையைப் பிட்டபடியே இருந்தாள்.

"அப்ப, மேக்கு வீடு விழுகுறப்ப கெழக்கு வீட்டுக்காரன் என்னடா பண்ணிக்கிட்டு இருந்தான்?"

அது பாடத்தில் இல்லை அத்தை என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். அவனவனுக்கு அவனவன் பாடு என்றேன் நான். அம்மா பாதித் தோசையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அன்று பஸ்ஸில் நான் இரண்டு பேருக்குச் சீட்டு மாற்றிக் கிழித்தேன், ஒருவரிடம் சண்டையும் போட்டேன். யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துக் கிழக்கு வீட்டில் கலவரம். தேர்ப் பந்தயத்தில் நீலக் கட்சி என்றும் பச்சைக் கட்சி என்றும் இரண்டு கூட்டம். எப்போதும் அடித்துக்கொள்கிறவர்கள், அந்தத் தடவை ஒன்றாகச் சேர்ந்துகொண்டு ராஜாவுக்கு எதிராக நகரத்தையே கொளுத்திவிட்டார்கள். ராஜா கப்பலில் ஏறி ஓடிவிடலாம் என்று மூட்டை கட்டுகிறார். அப்போது ராணி எழுந்து நிற்கிறாள். பந்தய மைதானத்தில் கரடி வளர்த்தவனுக்கு மகளாகப் பிறந்து ராணியானவள். ஓடுவதாக இருந்தால் நீங்கள் ஓடுங்கள், நான் வரவில்லை, இந்தப் பட்டோடுதான் என்னைப் புதைக்கவேண்டும் என்கிறாள். என் மனைவி குழம்பை அடுப்பில் மறந்தாள். அம்மா வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மணி ஒன்பதரை. நான் புத்தகத்தைக் கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்கு ஓடினேன். மிச்சத்தை அன்றைக்கு உசிலம்பட்டி ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் படித்து முடித்துவிட்டேன், எனக்கே பொறுக்கவில்லை.

இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா தெருவில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். மேற்கு வீட்டில் கூரை இறங்கிவிட்டது. மதினியும் பிள்ளைகளும் மில் அறையில் பத்திரமாக இருந்தார்கள். நடுக்கூடத்து உத்திரம்தான் தொய்ந்து, ஓடு சரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. தூணைப் பிடுங்கின இடத்தை ஒட்டித்தான். அந்த உத்திரத்தைத் தோளில் தாங்கியபடி அண்ணன் தனியாக நிற்கிறாராம். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தூணின் ஒரு முனையைத் தூக்கினேன். மறுமுனையை அவள் பிடித்தாள். தெரு வழியாக, சகதியில், மேற்கு வாசல் வரை கொண்டுபோனோம். பதினோரு மாதமாக நான் மிதிக்காத வாசல். அண்ணன் ஈர வேட்டியோடு உத்திரத்தின் கீழ் நின்றார்.  என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். நான் தூணை நிமிர்த்தி, சுவரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளித் தரையில் ஊன்றி, தலையை உத்திரத்துக்குக் கொடுத்தேன். அண்ணன் தோளை எடுத்துக்கொண்டு தூணைப் பிடித்தார். ஆப்பு வைக்க என் மனைவி கொத்தனாரைக் கூப்பிட ஓடிவிட்டாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் தூணை இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் அந்தத் தூண் மட்டும்தான்.  அண்ணன்தான் முதலில் பேசினார்.

"அந்த ராணியம்மா அம்புட்டுப் பேசுச்சே, ராசா நின்னானா, கப்பல்ல ஏறிட்டானா? நீ பாட்டுக்குப் பாதியில டூட்டிக்குப் போயிட்ட."

மில் ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் பீஸ் கட்டையைப் பிடுங்கி நிறுத்திய மில்லை, இத்தனை நாளும் என் குரல் கேட்பதற்காக அவரே நிறுத்தியிருக்கிறார்.

"நின்னாண்ணே. ஓடல."

"பெறகு?"

கலவரக்காரர்களை மைதானத்துக்குள் வைத்து அடைத்துக் கொன்றதைச் சொன்னேன். அண்ணன் உச்சுக்கொட்டினார். அதற்கப்புறம் அந்த ராஜா கப்பல் கப்பலாகப் படையை ஏற்றி மேற்கே அனுப்பியதையும், விழுந்துபோன ரோமாபுரியை மீட்டதையும் சொன்னேன்.  மழைத்தண்ணீர் அண்ணன் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேக்கு விழுந்து எம்புட்டு வருசங் கழிச்சு வந்தான்?"

"அறுவது வருசம் இருக்கும்ண்ணே."

"அறுவது வருசம்," என்றார் அண்ணன். "நீ பதினோரு மாசத்துல வந்துட்டியேடா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கத் தூணை விட்டால் கூரை இறங்கிவிடும். துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.