எட்டாவது பெயர்

ஆப்ஷனல் என்ற ஒரே வார்த்தையை வைத்து நான் ஒருத்தியை ஏமாற்றினேன். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து வளைத்துத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் தப்பித்தேன்.

அப்போது மாநிலத்துக்கு மைசூர் என்றுதான் பெயர். ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். அப்பா தபாலாபீஸில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருந்தார். நான் கன்டோன்மென்டில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளியில் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்கு எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் போக, கடைசி இரண்டு வருடம் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். சர்க்கார் காகிதத்தில் அதற்கு ‘ஆப்ஷனல்’ என்று பெயர். எங்கள் பள்ளியில் இருந்த விருப்பப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: தையலும் சமையலும் சேர்ந்த மனையியல். இருப்பதே ஒன்று என்றால் இதில் விருப்பம் எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அதுதானே விருப்பமாக இருக்க முடியும்!

எனக்கு வேண்டியது வேறு. பெண்களுக்கென்று பேர்போன ஒரு காலேஜ் இருந்தது. அங்கே பி.யு.சி.யில் சயின்ஸ் கிடைக்க வேண்டுமானால் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆப்ஷனல் கணக்கு எடுத்திருக்க வேண்டும். வட்டியும் லாப நஷ்டமும் போடுகிற சாதாரணக் கணக்கு செல்லாது. இதை எனக்குச் சொன்னவள் பெரியம்மா மகள். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தாள். இங்கிலீஷ் கான்வென்டில் படித்து, அதே காலேஜில் சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வெள்ளை லேப் கோட்டு கொடியில் காய்வதைப் பார்த்தேன். காலர் கூட வெள்ளை. படிப்பின் மேல் இருந்த ஆசை என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் பொறாமை.

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொல்லும் தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுவே ஆச்சரியம்.

“பசங்க ஸ்கூல்லேர்ந்து ஒரு கணக்கு வாத்தியாரை வாரத்துல நாலு நாள் வரவழைக்கலாம்மா. ஆனா எட்டுப் பேராவது இருந்தாத்தான் செக்‌ஷன் குடுப்பாங்க. ஏழுன்னா கூட கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு எழுதிக் கொண்டா.”

நான் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி கூப்பிட்டார்.

“ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஆப்ஷனல்ல பெயிலானா மொத்த எஸ்.எஸ்.எல்.சி.யும் பெயில். எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிட்டு அப்புறம் பேரை வாங்கு. வெளையாட்டுக்குச் சேக்காதே.”

சரி டீச்சர் என்றேன்.

என்னைத் தவிர ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் சுலபமாகவே கிடைத்தார்கள். இரண்டு பேர் நிஜமாகவே கணக்கில் கெட்டி. இரண்டு பேர் தையல் டீச்சரின் கிள்ளுக்குப் பயந்து வந்தார்கள். மீதி இரண்டு பேருக்கு, வரப்போவது ஆம்பிளை வாத்தியார் என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. இந்த ஆறு பேரிடமும் பெரிய டீச்சர் சொன்னதை ஒழுங்காகச் சொன்னேன். ஆகவே சொல்லத் தெரியாதவள் என்று நான் நழுவ முடியாது.

வியாழக்கிழமை வரை எட்டாவது பெயர் கிடைக்கவில்லை. பாக்கி இருந்தவள் என் பக்கத்து இருக்கைக்காரி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. அம்மா தூக்குகிற பெட்பானை மகள் தூக்கக் கூடாது, மகள் தொப்பி வைத்த நர்ஸாக வேண்டும் என்பது அந்த வீட்டின் ஒரே திட்டம். நர்ஸ் ட்ரெயினிங்குக்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் போதும், எந்த ஆப்ஷனலாக இருந்தாலும் சரி. தையலில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அவள் பட்டனுக்கு எடுத்த காஜாவைத் தையல் டீச்சர் மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். மனையியல் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸாவாள்.

குழாயடியில் தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன்.

“எனக்கு இன்னாத்துக்குடி கணக்கு? நான் நர்ஸ் ட்ரெயினிங் போறவ.”

“உன் பேரு இல்லாட்டி கிளாஸே இல்லடி. ஏழு பேருதான் இருக்கோம்.”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “ஆப்ஷனல்னா இஷ்டம்தானே? இஷ்டமிருந்தா எழுதலாம், பேடான்னா உட்டுடலாம். மத்த பாடத்துல பாஸானா போதும். அப்படித்தானே?”

கன்டோன்மென்டில் எங்களுக்கெல்லாம் பாதி இங்கிலீஷ் காதில் விழுந்த இங்கிலீஷ்தான். வார்த்தைக்கு ‘இஷ்டம்’ என்ற அர்த்தம் தெரியும். சர்க்கார் அதை எந்த அர்த்தத்தில் எழுதியிருக்கிறது என்பது தெரியாது. அவள் மேல் தப்பே இல்லை.

“ஆமா” என்றேன்.

அந்தப் பொய்யை நான் கட்டவில்லை, அவளே கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள், நான் ஒரு ‘ஆமா’ மட்டும்தான் போட்டேன். இப்படிப் பல வருடம் எனக்கு நானே வக்கீலாக இருந்திருக்கிறேன். கேஸ் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டுப் பெயர் எழுதிய தாளைப் பெரிய டீச்சர் மேஜையில் வைத்தேன். “எல்லார்கிட்டயும் சொன்னியா?” என்று கேட்டார். அதற்கும் ஆமாம்.

வகுப்பு தையல் அறையில் நடந்தது. கணக்கு வாத்தியார் கூச்ச சுபாவம். பெண்களைப் பார்க்காமல் கரும்பலகையோடுதான் பேசுவார், ஆனால் பிரமாதமாகச் சொல்லித்தருவார். அவர் தமிழில் சொன்னதையெல்லாம் நான் இங்கிலீஷில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காலேஜில் தமிழுக்கு இடமில்லை. நேர்முகத்திலேயே இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள் என்று பெரியம்மா மகள் சொல்லியிருந்தாள். அவளுடைய பழைய புத்தகத்தை வாங்கி, ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதினேன். தொடுகோடு என்றால் டான்ஜென்ட், கர்ணம் என்றால் ஹைபாட்டனூஸ். நான் உச்சரித்ததைக் கேட்டு அவள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

என் எட்டாவது ஆள் டெஸ்க்குக்கு அடியில் தையல் போட்டுக்கொண்டிருப்பாள். முதல் வருட அரையாண்டுப் பரீட்சையில் பெயரை மட்டும் எழுதி வெள்ளைத்தாளைக் கொடுத்தாள். வாத்தியார் முதல்முறையாகக் கரும்பலகையை விட்டுத் திரும்பினார்.

“இப்படிக் குடுத்தா மொத்தமும் போயிடும்மா.”

அவள் என் பக்கம் குனிந்தாள். “இன்னாடி சொல்றாரு?”

“சும்மா பயமுறுத்தறாரு. எல்லா வாத்தியாரும் சொல்றதுதானே.”

குழாயடியில் சொன்னதை விட இதுதான் கேவலம். அந்த மாதக் கடைசி வரை பாடம் மாற்றிக்கொள்ள இடமிருந்தது. அது எனக்குத் தெரியும். மாற்றிக்கொண்டு போயிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். நாங்கள் ஏழு பேராகியிருப்போம், வகுப்பு போயிருக்கும். கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

மாதம் முடிந்தது. அதற்குப் பிறகாவது அவளைப் படிக்க வைத்துவிடலாம் என்று பார்த்தேன். “வாடி, சேந்து படிக்கலாம்” என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “எனக்கெதுக்கு? நீ படி, நீதான் காலேஜ் போறவ” என்பாள். ஏன் படிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், தேர்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது, மூன்று மாதம் இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனேன். இதில் வேடிக்கை என்னவென்றால், மாலை வேளைகளில் என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் கேட்டவளும் அவள்தான். “தொடுகோடு?” என்பாள். நான் “டான்ஜென்ட்” என்பேன். சரியாகச் சொன்னால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பொதுத்தேர்வில் ஆப்ஷனல் கணக்கு அன்றைக்கு அவள் அரைமணி நேரத்தில் எழுந்து வெளியே போனாள். நான் முழு நேரமும் எழுதிவிட்டு வந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே, அவித்த கடலைக்காய் பொட்டலத்தோடு எனக்காகக் காத்திருந்தாள். பாதிக்கு மேல் உரித்து வைத்திருந்தாள். “நல்லா எழுதினியாடி?” என்றாள். அந்தக் கடலைக்காயைத் தின்றேன். எப்படித் தின்றேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

முடிவு பேப்பரில் எண்களாக வந்தது. என் எண் முதல் வகுப்பில். அவள் எண் எங்குமே இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்துப் பள்ளிக்கு ஓடியிருக்கிறாள். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கம்மா விஷயம் தெரியாமல் அவள் கையில் கேசரியைக் கொடுத்தார்.

“கணக்குல போயிடுச்சாம்டி. அதுல பெயிலுன்னா எல்லாத்துலயும் பெயிலாம். மத்ததுலல்லாம் நல்ல மார்க்கு” என்றாள். அழுதாள். கையில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று அப்போது நினைத்தேன். அவள் கேட்டது வேறு. “செப்டம்பர்ல திரும்ப எழுதலாமாம். நீ சொல்லித் தர்றியா?”

தருகிறேன் என்றேன்.

காலேஜ் நேர்முகத்தில் மூன்று பெண்மணிகள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் ஸ்கூலா என்று ஒருவர் புருவத்தைத் தூக்கினார். வட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னேன். இடம் கிடைத்தது. வெள்ளைக் கோட்டும் கிடைத்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். நான் நினைத்ததை விடக் கெட்டிக்காரி. முதல் வாரம் சொல்லித்தந்த தேற்றத்தை அடுத்த வாரம் புத்தகம் பார்க்காமல் எழுதிக் காட்டினாள். இரண்டு வருடம் படித்திருந்தால் என்னை விட அதிகம் வாங்கியிருப்பாளோ என்று தோன்றியது.

மூன்றாவது ஞாயிறு அவள் அம்மா டூட்டி முடித்து வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இந்த ரூலை ஸ்கூல்ல யாரும் மொதல்லயே சொல்ல மாட்டாங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொன்னாள். “யாருக்குமே தெரியாதும்மா. நீ சும்னே பேஜார் பண்ணாதே.”

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும் என்றேன். பிறகு சொல்லி அனுப்புவதையும் நிறுத்தினேன். பஸ்ஸுக்குப் போக அந்தத் தெருவை விட்டுச் சுற்றுவழியில் நடந்தேன். செப்டம்பரில் தனியாகவே படித்து எழுதினாள். சில மார்க்கில் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த வருடமே அம்மாவோடு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்துவிட்டாள்.

நான் பி.எஸ்ஸி. முடித்து, ஒரு காலேஜ் லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காக்ஸ் டவுன் பஸ் ஸ்டாப்பில் என் பெயரைச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவள்தான். ஆயா சேலை, கையில் டிபன் கேரியர். என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எனக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

“நல்ல நேரத்துல பாத்தேன். எங்க தங்கச்சிக்கு இந்த வருஷம் ஆப்ஷனல் எடுக்கணும். கணக்கு எடுக்கறேன்றா. நீ சொல்லு, எடுக்கலாமா?”

“எடுக்கலாம். ஆனா அதுல கண்டிப்பா பாஸாகணும்” என்றேன். “இல்லாட்டி மொத்தமும் போயிடும்.”

“அது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டேனே” என்று சிரித்தாள். பிறகு, ஏதோ சாதாரண விஷயம் கேட்பது போல, “ஆமா, அந்த ரூலு உனக்கு எப்போடி தெரியும்?” என்றாள்.

இத்தனை வருடம் நான் காத்திருந்த கேள்வி. அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம் கூட இல்லை. சொல்லியிருக்கலாம்.

“ரிசல்ட் வந்தப்புறம்தான்” என்றேன்.

“அதான பாத்தேன்!” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் நம்பல தெரியுமா? உனக்கு மொதல்லயே தெரியும், தெரிஞ்சேதான் என்னை இழுத்து உட்டேன்னு சொல்லிக்கினே இருக்கும். இவ அப்படிப்பட்டவ இல்லன்னு எத்தனி சண்டை போட்டிருக்கேன்! இன்னிக்குப் போய்ச் சொல்றேன். அவளே சொன்னான்னு சொல்றேன்.”

அவளுடைய பஸ் வந்தது. ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். அந்த வீட்டில் உண்மையைக் கண்டுபிடித்திருந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். அவருடைய வாயையும் அடைக்க, அவர் மகளையே அனுப்பி வைத்துவிட்டு, நான் பதிலுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றேன்.