ஸ்டெல்லா அக்காவும் நான் போட்ட ஜாயின்ட்டும்

ஏணி மேல் நின்று கேமராவுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க மாமா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." கேபிளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது எங்கள் தொழில். அக்காவுக்கும் எனக்கும் பல வருடக் கூட்டு. அக்கா மூலனூர்க்காரர். பேச்சில் மரியாதை குறையாது, வேலையில் மட்டும் சண்டைக்காரர். எல்லோரையும் போல நாங்களும் கேபிள் தோலைப் பல்லால் கடித்துத்தான் உரிப்போம். முனையில் கனெக்டரைச் செருகி, கட்டிங் பிளேயரால் ஒரு நசுக்கு, அவ்வளவுதான். நல்ல டூல் வாங்கலாம் என்று அக்கா சொன்னபோதெல்லாம், "பல்லு இருக்கைல டூல் எதுக்குங்க்கா?" என்று கிண்டலடித்தவன் நான்.

ஒருநாள், நாங்கள் கேமரா மாட்டியிருந்த ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளிலிருந்து டீ-சர்ட் கட்டு ஒன்று காணாமல் போனது. அங்கே வேலை பார்த்த ஒடிசாப் பெண் மீனா மேல் சந்தேகம். பதிவைப் போட்டுப் பார்த்தால் அவள் டேபிளைப் பார்க்கும் கேமரா மட்டும் இருட்டு. மாலையே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கட்டு அயர்னிங் பக்கம் கிடைத்தது. அவளோ ஊருக்கு ரயில் ஏறியிருந்தாள்.

அக்கா கனெக்டரைக் கழற்றினார். கேபிளின் வலைக் கம்பி ஒன்று, மயிரிழை அளவு, நடுச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது; அதனால்தான் படம் வரவில்லை. டீக்கு நேரமாயிற்றென்று நான் அவசரத்தில் போட்ட ஜாயின்ட். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். முதலாளியிடம், "என்ர தப்புங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷன்! மீனாவுக்கும் அவரே போன் செய்து, அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டார்.

கூரை மாற்ற வைத்திருந்த சீட்டுப் பணத்தில் அந்த வாரமே தோல் உரிக்கும் ஸ்ட்ரிப்பரும் கனெக்டரை இறுக்கும் கம்ப்ரஷன் டூலும் வாங்கினார். "ஊடு ஒழுகுனா குண்டா வெச்சுக்கலாம் கண்ணு. ஒரு புள்ள பேரு கெட்டா என்னத்தெ வெப்பே?" அதன்பின் நாங்கள் மாட்டிய எந்தக் கேமராவும் இருண்டதில்லை.

அடக்கத்தன்று அக்காவின் போன் அடித்தது. மகள் என்னிடம் நீட்டினாள். கம்பெனி ஆட்கள் மூலம் சேதி கேட்டு அழைத்தவள், மீனா. "அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணா. அக்கா தெரிஞ்சு பண்ணல" என்று தெரிந்த தமிழில் அழுதாள்.

"அது அக்கா இல்ல மீனா. நான் போட்ட ஜாயின்ட்" என்றேன்.

அவள் கேட்டாள்: "அக்கா இருக்கும்போது ஏன் சொல்லல?"

பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டார்கள். போனைத் துண்டிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோள் கொடுத்தேன். அக்கா, போய் வாருங்கள்.