சங்கிலி அறுந்து போகட்டும் என்று ஜெபித்தேன்

சபைக்கு முன்னால் நின்று பேச எனக்கு நா எழாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கர்த்தர் என் மகனுக்குச் செய்ததை உள்ளே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில், டாங்கிச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலியை மாட்டுவது என் வேலை. வீடு சேக்காட்டில். எங்கள் ஒரே மகன் பிரவீன் ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறான். எல்லையில் சண்டை மூண்டபோது அவனிடமிருந்து ஒரு போன் வந்தது.

"நைனா, நாளைக்கு முன்னாடி போறோம். போன வாங்கி வெச்சிடுவாங்க. அம்மாவாண்ட பக்குவமா சொல்லு."

அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. நம் டாங்கிகள் முன்னேறுகின்றன என்று டிவியில் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சபையார் வீடுகளில் வாராவாரம் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். என் முறை வந்தால் "ஆமென்" மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவேன். அந்த வாரமும் அப்படித்தான். ஆனால் மனதுக்குள் ஒரு ஜெபம் ஓடியது. ஆண்டவரே, என் மகன் வண்டியின் சங்கிலி அறுந்து போகட்டும். மற்றவர்கள் போகட்டும், அவன் பின்தங்கிவிடட்டும். சங்கிலிக் கண்ணிகளைக் கோத்திருக்கும் இரும்புப் பின்களில் எது கழன்றால் சங்கிலி விழும் என்பதுவரை ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டில் மனைவி செல்வியிடம் இதைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறினாள்.

"யோவ், இன்னா வேண்டிக்கிறே நீ? நட்டநடுப் பொட்டல்ல வண்டி நின்னா, சுடுறவன் டீ வாங்கிக் குடுப்பானா? நிக்கிறதத்தான் மொதல்ல அடிப்பான். இத்தினி வருசம் டேங்க் செஞ்சுகினு கீறே, இதுகூடத் தெர்லியா?"

"தெரியும். பயத்துல மறந்துட்டேன்."

"அப்போ ஜெபத்த மாத்து. வாயத் தொறந்து பண்ணு. நாலு பேர் ஆமென் சொல்லட்டும்."

அடுத்த கூட்டத்தில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "ஆண்டவரே, எல்லா வண்டியும் ஓடட்டும். எம்புள்ள வண்டி மட்டும் இல்ல, எல்லார் புள்ளைங்க வண்டியும்" என்றேன். அதற்குமேல் அழுகைதான். அறை முழுவதும் ஆமென் என்றது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

சண்டை ஓய்ந்ததும் பிரவீன் போன் செய்தான். முன்னேறும்போது ஒரு வாய்க்கால் சேற்றில் பக்கத்து டாங்கி சிக்கிக்கொண்டதாம். குண்டுகள் அதைச் சுற்றியே விழுந்தன. உள்ளே மூன்று பேர். பிரவீனின் கமாண்டர் வண்டியைத் திருப்பச் சொல்லி, குண்டுமழையில் தானே இறங்கி இரும்புக் கயிற்றை மாட்டினார். பிரவீன் இழுத்துக்கொண்டு கரையேறினான். கமாண்டருக்குத் தோளில் காயம். ஆனால் இரண்டு வண்டியிலும் எல்லாரும் உயிரோடு வந்தார்கள்.

"பயமா இல்லியாடா?"

"இல்லாம? ஆனா வண்டி மக்கரே பண்ணல நைனா. சேத்துல சங்கிலி இன்னாமா புடிச்சுது தெரியுமா!"

என் முதல் ஜெபம் கேட்கப்பட்டிருந்தால், அந்த மூன்று பேரை இழுக்க அங்கே வண்டி இருந்திருக்காது.

இப்போது ஒவ்வொரு பின்னை மாட்டும்போதும், அந்த டாங்கியை ஓட்டப்போகும் முகம் தெரியாத பிள்ளைக்காக ஜெபிக்கிறேன். கூட்டத்தில் என் முறையைத் தள்ளிவிடுவதில்லை. "போதும்யா, அடுத்தவங்களுக்கு வுடு" என்று செல்விதான் இடிக்கிறாள்.

அன்பானவர்களே, பயத்தில் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். கேளுங்கள். எதைத் தரக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.